சுவருக்குத் தைத்த மெத்தை

உஸ்தா பத்ராவி வில்லின் நாணை முதல் தட்டுத் தட்டியதுமே சந்தில் பாதி ஜன்னல்கள் திறந்துகொண்டன. மஹல்லா ஊரில் மொட்டைமாடியில் பஞ்சு அடிக்கிற சத்தம் கேட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான். அந்த வீட்டில் கல்யாணம் நெருங்கிவிட்டது. மூன்றாவது தட்டுக்குள் கீழேயிருந்து ஒரு குலவை எழுந்தது. எதிர்வீட்டிலிருந்து இன்னொன்று. நாலு வீடு தள்ளி யாரோ ஒருத்தி தாளம் போட்டுக் கைதட்டவே ஆரம்பித்துவிட்டாள்.

பஞ்சு மூட்டையின் தையலைப் பிரித்துக்கொண்டிருந்த இன்ஸாஃபுக்குக் கை நின்றுவிட்டது. மூன்று நாளாக எத்தனையோ யோசித்தாயிற்று. மைக் யாரிடம் இரவல் கேட்பது, ஒயர் எந்தக் கதவுக்கு அடியில் போகும், குளிர்பெட்டியை எத்தனை நேரம் அணைத்து வைத்தால் இறைச்சி கெடாது, எல்லாம் யோசித்தாயிற்று. பஞ்சு அடிக்கிறவரைக் கூப்பிடுவது ஊரையே கூப்பிட்டுச் சொல்வதற்குச் சமம் என்பது மட்டும் அவளுக்கும் தோன்றவில்லை, படித்த மகளுக்கும் தோன்றவில்லை.

"பதிலுக்கு ஒண்ணு போடுங்க, உம்மு அமானி. போடலேன்னா வீட்ல ஏதோ சரியில்லன்னு நினைச்சுக்குவாங்க" என்றார் பத்ராவி, நாணிலிருந்து கண்ணை எடுக்காமல்.

வீட்டில் ஏதோ சரியில்லைதான். ஆனாலும் அவள் கைப்பிடிச் சுவரருகே போய், வாயைக் கையால் மறைத்து, நீளமாக ஒரு குலவை போட்டாள். பாதியில் இருமல் வந்தது. ஐப்பசி வெயிலில் வயல்வெளியெங்கும் வைக்கோல் எரித்துக்கொண்டிருந்தார்கள். நெல் அறுத்து முடிந்ததும் ஒவ்வொரு வருஷமும் டெல்டா முழுவதும் இப்படித்தான் கறுத்துப்போகும். துவைத்துப் போட்ட துணியில் புகை நாற்றம், ரொட்டியில் புகை நாற்றம். ஊரில் எல்லோருக்கும் தொண்டை கரகரக்கும்.

அந்தக் கரகரப்புத்தான் ஏமாற்றிவிட்டது. போன வருஷம் அறுப்புக்காலத்தில் அவள் புருஷன் ரிஸ்க்குக்குத் தொண்டை கட்டியபோது, வைக்கோல் புகை என்றார். புகை போய்க் குளிர் வந்தது, கோடை வந்தது, கட்டு இறங்கவில்லை. சோம்புக் கஷாயம், அதிமதுரத் தண்ணீர், தேன் என்று ஓட்டினார். இந்த வருஷம் வைக்கோல் மறுபடி எரிய ஆரம்பித்த வாரம் எச்சிலில் ரத்தம் வந்தது. மன்சூராவுக்குப் போனார்கள். டாக்டர் நல்ல மனிதர். படம் வரைந்து காட்டினார். குரல்வளையை முழுசாக எடுத்துவிட்டால் ஆள் பிழைப்பார், மூச்சுவிடக் கழுத்தில் ஒரு துவாரம் வைப்போம், பேச்சு இருக்காது என்றார். அடுத்த புதன்கிழமைக்கு மறு புதன் நாள் குறித்தார். இன்றிலிருந்து பதினோரு நாள்.

முப்பது வருஷமாக ரிஸ்க் கல்யாணப் பாடகர். மஹல்லா சுற்றுவட்டத்தில் அவர் பாடாமல் பெண் புகுந்த வீடு போனதில்லை என்று சொல்வார்கள். கையில் தஃப் என்ற தோல்மேளம், முன்னால் ஒரு மைக், எக்கோவை முழுசாகத் திருப்பி வைத்த ஸ்பீக்கர் நாலு. பாட்டுக்கு நடுவே மாப்பிள்ளையின் சித்தப்பாவிலிருந்து மூலைக்கடை கசாப்புக்காரர் வரைக்கும் ஒவ்வொருவர் பெயராகக் கூவி ஸலாம் சொல்வார். பெயர் கேட்டவர் எழுந்து நின்று நெஞ்சில் கை வைப்பார். அந்தக் குரலில் தன் பெயரைக் கேட்கவே சிலர் கல்யாணத்துக்கு வருவார்கள். ஆண்களின் பெயர் மட்டும்தான். பெண்களை "மாப்பிள்ளையோட அம்மா", "இன்னார் வீட்டார்" என்பதோடு நிறுத்திக்கொள்வார். ஒருத்தன் தாயின் பெயரையோ மனைவியின் பெயரையோ தெருவில் சொல்லிவிட்டால் அங்கே கைகலப்புத்தான். இன்ஸாஃபையும் கல்யாணமான நாளிலிருந்து யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மகள் பிறக்கும்வரை "ரிஸ்க் வீட்டார்", பிறந்தபிறகு "உம்மு அமானி", அமானியின் அம்மா. பருத்தி ஆலையில் வேலை பார்த்த காலத்தில் மேஸ்திரி மட்டும், தறிகளின் இரைச்சலுக்கு மேலே "இன்ஸாஃப்!" என்று கத்துவார். ஆலையைவிட்டு நின்றதோடு அதுவும் போயிற்று.

"இந்தப் பஞ்சு பொண்ணுக்கு எடுத்து வெச்சதாச்சே" என்றார் பத்ராவி. ஒரு கொத்தை எடுத்து இழையை நீட்டிப் பார்த்தார். "அடடா! பட்டு மாதிரி. இதுல எத்தனை மெத்தை? ரெட்டைக் கட்டிலுக்கு ரெண்டு, தலகாணி ஆறு, போத்திக்க ரஜாய் நாலு, அப்படித்தானே?"

"மெத்தை பத்து வேணும் உஸ்தா. ஆள் உயரம். மேல்விளிம்புல துணிக் காது வெச்சுத் தைங்க, ஆணியில மாட்டறதுக்கு."

"ஆணியிலயா?"

"சுவத்துல மாட்டணும்."

பத்ராவி வில்லைக் கீழே வைத்தார். தாடியெல்லாம் பஞ்சுத் தூள். "நாப்பது வருஷமா இந்தத் தொழில் பண்றேன். மனுஷனுக்குத் தெச்சிருக்கேன், ஒருதடவை ஒரு பணக்காரரோட நாய்க்குத் தெச்சிருக்கேன். சுவருக்குத் தெச்சதில்ல. சுவர் என்ன, சாய்ஞ்சு தூங்கப் போகுதா?"

"பாட்டு ரெக்கார்டு பண்றதுக்கு. வெளிச் சத்தம் உள்ள வராம இருக்கணுமாம். அமானிதான் சொல்றா."

"அதுக்கு முட்டை அட்டை ஒட்டுவாங்களே. என் தங்கச்சி பையன் ஒட்டியிருக்கான்."

"அட்டையால எதுவும் நிக்காது, பஞ்சாலதான் நிக்கும்ங்கறா."

"அதுவும் சரிதான். பஞ்சுக்கு முன்னாடி எதுவும் நிக்காது" என்று தொழில் பெருமையோடு ஒத்துக்கொண்டார். "ரிஸ்க்குக்குத்தானே? செஞ்சிடலாம். எம் பொண்ணு கல்யாணத்துல என் பேரை மூணு தடவை கூப்பிட்டவராச்சே. பொண்ணுக்கு அடைக்கிற மாதிரியே, கெட்டியா அடைச்சுத் தரேன்."

மாடிப்படியில் மூச்சு வாங்குகிற சத்தம் கேட்டது. ஹாஜா ரவ்ஹிய்யா. சந்தின் கோடி வீட்டுக்காரி, ஹஜ் போய் வந்தவள், மாப்பிள்ளையின் தாயார். கனத்த உடம்பு, அதைவிடக் கனத்த குரல். ஒரு கையில் செருப்பு. அவசரத்தில் பிய்ந்திருக்க வேண்டும்.

"உம்மு அமானி! தேதியை முன்னால தள்ளிட்டீங்களா? எம் பையனுக்கு நாலு மாசம் கழிச்சுக் கல்யாணம்னு நான் நினைச்சுக்கிட்டிருக்கேன், சந்துல இருக்கிறவளுங்க வாழ்த்துச் சொல்றாளுங்க! ஷர்பத் எப்ப ஊத்துவேன்னு பால்காரி கேக்கறா! கடைசியில மாப்பிள்ளையோட அம்மாவுக்குத்தான் தெரியாதா?"

"அப்படி ஒண்ணுமில்ல ஹாஜா, உக்காருங்க."

"உக்கார மாட்டேன். வீட்டுல இன்னும் குளியலறை ஓடு பதிக்கல. கதவுக்கு வர்ணம் அடிக்கல. பொண்ணை எங்க உக்கார வைப்பேன், சிமெண்ட் மூட்டை மேலயா?"

"ஹாஜா..."

"எனக்கு அவமானம், அவ்வளவுதான்."

இன்ஸாஃப் அவள் கையைப் பிடித்துத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனாள். தொட்டி நிழலில் நின்று சொன்னாள். நோயின் பெயரைச் சொல்லவில்லை. இங்கே யாரும் சொல்வதில்லை. "அந்தக் கெட்டது" என்று மட்டும் சொல்லித் தொண்டையைத் தொட்டுக் காட்டினாள். "அடுத்த புதன் விட்டு மறு புதன். அதுக்கப்புறம் குரல் கிடையாது. பொண்ணு கல்யாணத்துக்குப் பாட்டு வேணுமில்ல, அதை இப்பவே எடுத்து வெச்சுக்கணும்."

ரவ்ஹிய்யாவின் வாய் திறந்தபடி இருந்தது. கையிலிருந்த செருப்பைக் கீழே போட்டாள்.

"தந்தா டவுன்ல ஸ்டூடியோ இருக்கே" என்றாள். அவள் குரல் அவ்வளவு தணிந்து இன்ஸாஃப் கேட்டதில்லை.

"ஸ்டூடியோக்காரன் அவருக்குச் சிநேகிதன். அங்க போய்ப் பாடினா சாயங்காலத்துக்குள்ள மஹல்லா பூரா தெரிஞ்சிடும். 'நான் உயிரோட இருக்கும்போதே துக்கம் விசாரிக்க வந்திடுவாங்க'ன்னு சொல்றார். அதோட மதியத் தொழுகைக்கப்புறம் ஒரு மணி நேரம்தான் குரல் நிக்குது. பஸ்ல போய் இறங்கினா அதுவும் போயிடும்."

"கல்யாணத்தை வேணும்னா இந்த வாரமே வெச்சுக்கலாம். ஓடு கிடக்குது. அவர் நேர்லயே பாடட்டும்."

"வேணாம் ஹாஜா. எல்லாரும் அழுவாங்க. மகள் கல்யாணத்துல யாரும் அழக்கூடாதுங்கறார்."

ரவ்ஹிய்யா முக்காட்டுத் துணியால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். பிறகு கைப்பிடிச் சுவருக்குப் போய்ச் சந்தைப் பார்த்து, பழைய குரலில் கத்தினாள். "தேதி மாறல! பஞ்சைப் பூச்சி அரிக்குதுன்னு முன்னாலயே தைக்கறாங்க! போய் வேலையைப் பாருங்கடி!" திரும்பி வந்து கேட்டாள்: "எப்ப பாடறார்னு சொல்லு. சந்தை நான் பாத்துக்கறேன்."

*

அறை என்றால் விருந்தாளிகளின் அறைதான். இன்ஸாஃப் ஆலையில் உழைத்த காலத்துச் சம்பாத்தியத்தில் தம்யாத்திலிருந்து இறக்கிய பொன்முலாம் நாற்காலிகள், பிளாஸ்டிக் உறை கழற்றாமல், இருபத்திரண்டு வருஷமாக அங்கே இருந்தன. குடும்பத்தில் யாரும் அதில் உட்கார்ந்ததில்லை. அவற்றை மாடிக்கு ஏற்றி, கோழிக்கூண்டுக்குப் பக்கத்தில் அடுக்கினார்கள். சரவிளக்கு காற்றில் கிணுகிணுக்கிறது என்று அமானி அதையும் இறக்கச் சொன்னாள்.

அமானி கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டுகிற கடையில் வேலை பார்க்கிறாள். மைக்கும், அதைக் கம்ப்யூட்டரோடு இணைக்கிற சின்னப் பெட்டியும் அங்கிருந்துதான் இரவல் வந்தன. எம்பிராய்டரி வளையத்தில் தன் பழைய காலுறையை இழுத்துக் கட்டி மைக்குக்கு முன்னால் நிறுத்தினாள். மூச்சுக்காற்று நேராக மோதாதாம். கம்ப்யூட்டரின் விசிறி இரைகிறது என்று அதை நடையில் ஒரு ஸ்டூலில் வைத்து, ஒயரைக் கதவுக்கு அடியில் விட்டாள். வேலை செய்யும்போது அவள் அழவில்லை. ஒயர் சுற்றும்போது மட்டும் ஒரே ஒயரை மூன்று தடவை சுற்றிப் பிரித்தாள்.

பத்ராவி பத்து மெத்தையும் மாட்டி முடித்தபோது அறை பாதியாகச் சுருங்கியிருந்தது. நாலு சுவரிலும் எட்டு, கதவின் முதுகில் ஒன்று. கடைசி மெத்தையைக் கூரையில் கயிறு கட்டித் தொங்கவிட்டு, நாலு ரஜாயையும் அதைச் சுற்றிப் பரப்பியிருந்தார். சிவப்பு சாட்டின், மஞ்சள் பூ. மணப்பெண்ணின் படுக்கையைக் குடைந்து உள்ளே போன மாதிரி இருந்தது. இன்ஸாஃப் உள்ளே நின்று கைதட்டிப் பார்த்தாள். தட்டிய மாதிரியே இல்லை. கை மட்டும் வலித்தது.

மறுநாள் மதியத் தொழுகை முடிந்து ரிஸ்க் வந்தார். வெள்ளை ஜலாபிய்யா அங்கி போட்டு, முகச்சவரம் செய்து, கல்யாணத்துக்குப் போகிற மாதிரியே அத்தர் தடவியிருந்தார். தஃபைக் கரியடுப்பில் லேசாகக் காட்டித் தோலை இறுக்கினார். உள்ளே போனார். அமானி அவர் காதில் ஹெட்போனை மாட்டிவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்தினாள்.

இரண்டு நிமிஷம்கூட ஆகியிருக்காது. கதவு திறந்தது. ரிஸ்க் யாரையும் பார்க்காமல் படியேறி மாடிக்குப் போய்விட்டார்.

"என்னடி ஆச்சு?"

"ரெண்டு வரிதான்மா பாடினார். அப்புறம் நிறுத்திட்டார். 'இந்த ரூம் என் குரலைத் தின்னுடுது'ன்னார்."

இன்ஸாஃப் சோம்புக் கஷாயம் போட்டு எடுத்துக்கொண்டு மேலே போனாள். பிளாஸ்டிக் உறை போட்ட நாற்காலி ஒன்றில், கோழிக்கூண்டைப் பார்த்தபடி ரிஸ்க் உட்கார்ந்திருந்தார். அந்த நாற்காலியில் வீட்டு ஆள் ஒருவர் உட்கார்ந்து அவள் பார்ப்பது அதுதான் முதல்தடவை. கிழக்கே ஆலையின் புகைபோக்கிக்கு அப்பால் வானம் அழுக்குத் துணியாகத் தொங்கியது.

அவர் உதட்டை மட்டும் அசைத்தார். "நிறுத்திடலாம். மெத்தையை இறக்கச் சொல்லு."

வீட்டில் அவர் எப்போதும் அப்படித்தான். விடியற்காலையில் கல்யாணம் முடிந்து வருகிறவர், குரலை மறுநாளுக்கு மிச்சம் பிடிப்பார். டீக்குக் கண்ணாடித் தம்ளரில் இரண்டு தட்டு, ரொட்டிக்கு ஒரு தட்டு. மற்றதெல்லாம் உதடு. வேறொருத்தியாக இருந்தால் பைத்தியம் பிடித்திருக்கும். இன்ஸாஃப் பன்னிரண்டு வருஷம் தறிக்கூடத்தில் நின்றவள். ஐந்நூறு தறி ஓடும் இடத்தில் யாருக்கும் காது கிடையாது. பெண்களெல்லாம் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு உதட்டிலேயே ஊர்க்கதை பேசுவார்கள்.

"ஏன்?" என்றாள்.

இப்போது குரலோடு சொன்னார். கரகரவென்று வந்தது. "முப்பது வருஷமா நான் என் குரலைக் கேட்டதே இல்ல, தெரியுமா? ஜனங்களைத்தான் கேட்டிருக்கேன். நான் ஒரு வரி விடுவேன், அவங்க கைதட்டுவாங்க, ஸ்பீக்கர் அதை மூணு தெரு தாண்டி அடிச்சுட்டுத் திருப்பிக் கொண்டுவரும். அதைத்தான் என் குரல்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். அந்த ரூம்ல ஒண்ணும் திரும்பி வரல. காதுல அந்த மிஷினை மாட்டிவிட்டா, உள்ள யாரோ மணல் அரைக்கிற மாதிரி இருக்கு. அதுவா நான்? அந்த நோயோட சத்தத்தைப் பொண்ணு கல்யாணத்துல போடச் சொல்றியா?"

"கஷாயம் ஆறுது."

"நீ ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறியே."

"நான் என்ன சொல்றது? ஊருக்கெல்லாம் உங்க குரல் தெரியும். எனக்குத் தெரியாது." அவள் தரையில் கிடந்த பஞ்சுத் துணுக்குகளைப் பொறுக்க ஆரம்பித்தாள். "நம்ம கல்யாணத்துக்கு நீங்க பாடினீங்க. நான் உள்ள பொம்பளைங்க நடுவுல உக்காந்திருந்தேன், அவளுங்க சத்தத்துல ஒண்ணும் கேக்கல. அதுக்கப்புறம் நீங்க பாடற இடத்துக்கு நான் வந்ததில்ல, தூரத்து ஸ்பீக்கர்ல காதுல விழுந்ததும் வெறும் எக்கோதான், வீட்டுக்கு நீங்க பாட்டைக் கொண்டுவந்ததில்ல. அழகா இருக்குமாம், சொல்லுவாங்க. எனக்கு வாய்ச்சது உதடுதான். குறைன்னு சொல்லல. எனக்கு அது பழகிடுச்சு. டாக்டர் 'இனி பேச்சு இருக்காது'ன்னு சொன்னப்போ அமானி அழுதா. நான் அழல. கவனிச்சீங்களா?"

"கவனிச்சேன். கல் நெஞ்சுன்னு நினைச்சேன்."

"உதட்டை எடுக்கலியே, அப்படின்னு நினைச்சேன். அவ்வளவுதான்."

ரிஸ்க் கஷாயத்தை ஒரு வாய் குடித்தார். கூண்டுக்குள் ஒரு கோழி எழுந்து இடம் மாறி உட்கார்ந்தது.

"ஆனா அமானிக்கு உதடு படிக்கத் தெரியாது" என்றாள் இன்ஸாஃப். "அவளுக்குப் பொறக்கப் போறதுக்கும் தெரியாது. மணலோட இருந்தாலும் பரவாயில்ல. இருக்கறதை வெச்சுட்டுப் போங்க. இருபத்தெட்டு வருஷத்துல நான் எதுவும் கேட்டதில்ல."

அவர் கஷாயத்தைக் குடித்து முடித்தார். தம்ளரை இரண்டு தட்டுத் தட்டினார். இன்னொன்று வேண்டுமாம்.

சாயங்காலம் பத்ராவி வந்து அறையைச் சுற்றிப் பார்த்தார். ஒவ்வொரு மெத்தையாகக் குத்திப் பார்த்தார். முகம் சுருங்கியது. "தப்பு எம்மேலதான். சுவருக்குன்னு சொன்னீங்க, கை கேக்கல. கல்யாணப் பொண்ணு மெத்தைன்னா இருபது வருஷத்துக்கு அமுங்கக் கூடாதுன்னு அடைச்சே பழக்கம். இவ்வளவு பஞ்சுக்கு நடுவுல கழுதை கத்தினாலும் கேக்காது." கூரையில் தொங்கிய மெத்தையையும் ரஜாய்களையும் கழற்றினார். கதவுக்கு எதிர்ச்சுவரில் ஒன்றை இறக்கினார். கைதட்டச் சொன்னார். சத்தம் மெல்ல, ஒரு சின்ன விளிம்போடு திரும்பி வந்தது. ஹெட்போனுக்குள் மட்டும் கொஞ்சம் எக்கோ போட்டுத் தருவதாக அமானி சொன்னாள். "கல்யாண எக்கோ, பாபா. பதிவுல விழாது. உங்க காதுக்கு மட்டும்."

"முழுசாத் திருப்பி வை" என்றார் ரிஸ்க். மன்சூரா போய் வந்தபிறகு முதல்தடவையாகச் சிரித்தார். பிறகு மனைவியைக் காட்டி மகளிடம் சொன்னார்: "நாளைக்கு நான் பாடும்போது உங்கம்மா வீட்டுல இருக்கக் கூடாது."

"ஏன்?" என்றாள் இன்ஸாஃப்.

"உன் முகத்தைப் பாத்தா வரியை மறந்துடுவேன். சந்து முனையில போய் நில்லு."

*

கூரை மெத்தையை இறக்கியதால் வெளிச் சத்தம் இனி மைக்குக்குக் கொஞ்சம் எட்டும். அது ரவ்ஹிய்யாவின் பொறுப்பானது.

மறுநாள் மதியம் தொழுகை முடிந்து ஆட்கள் கலைந்ததும் அவள் சந்தில் இறங்கினாள். யாருக்கு என்ன சொன்னாளோ தெரியாது. அவள் எதையும் சொல்லியிருக்கவே தேவையில்லை என்றும் இன்ஸாஃபுக்குத் தோன்றியது. மன்சூராவுக்கு இரண்டு தடவை போய் வந்த மனிதரின் முகத்தை ஜன்னலிலிருந்து பார்த்தவர்களுக்குக் கண்ணில்லையா என்ன? ஒவ்வொரு மாடியாகத் தண்ணீர் மோட்டார் நின்றது. தையல்காரர் மிஷினிலிருந்து காலை எடுத்தார். டீக்கடையில் தாயக்கட்டை உருட்டுகிறவர்கள் பலகையை மூடிவிட்டுச் சும்மா உட்கார்ந்தார்கள். காய்கறிக்காரன் தன் கழுதையின் வாயில் தீவனப் பையை மாட்டினான். புறா வளர்க்கிற ஃபத்ஹி கூண்டுகளின் மேல் கறுப்புத் துணி போர்த்தினான்.

இன்ஸாஃப் சந்து முனையில் நின்றாள். பெரிய தெருவிலிருந்து ஆட்டோக்காரன் ஒருவன் பாட்டை அலறவிட்டுக்கொண்டு திரும்பினான். கையைக் காட்டினாள். அவன் ஏதோ சொல்ல வாயெடுத்து, அவள் முகத்தைப் பார்த்து, வந்த வழியே திரும்பிப் போனான். பிறகு கேஸ் சிலிண்டர் வண்டி வந்தது. ஸ்பேனரால் சிலிண்டரைத் தட்டித் தட்டி வருகிறவன். அவள் ஓடிப்போய் அந்த ஸ்பேனரையே பிடித்துக்கொண்டாள்.

"என்னம்மா, யாராவது மவுத்தா போயிட்டாங்களா?"

"இல்லப்பா. கல்யாணம்" என்றாள்.

அவனுக்குப் புரியவில்லை. ஆனாலும் ஸ்பேனரை அவள் கையிலேயே விட்டுவிட்டு வண்டியோரம் குந்தி உட்கார்ந்தான்.

அங்கிருந்து பார்த்தால் அவள் வீட்டு விருந்தாளி அறையின் ஜன்னல் தெரியும். உள்ளே மெத்தையின் முதுகு, சிவப்பு சாட்டின். ஒரு சத்தமும் இல்லை. எழுபது எண்பது பேர் குடியிருக்கும் சந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. அவ்வளவு பேரும் யாருடைய பாட்டுக்காகக் காத்திருந்தார்களோ, அந்தப் பாட்டு ஒருத்தர் காதிலும் விழவில்லை. பத்ராவியின் பஞ்சு அப்படி. இன்ஸாஃப் ஸ்பேனரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, உள்ளே உதடு எப்படி அசைகிறது என்று நினைத்துப் பார்க்க முயன்றாள். வாய் அகலத் திறந்து பாடுகிற ரிஸ்க்கை அவளால் நினைக்க முடியவில்லை.

பிற்பகல் தொழுகைக்கு அழைப்பு எழுந்ததும் சந்து ஒரேயடியாக மூச்சை விட்டது. கழுதைதான் முதலில் கத்தியது.

அவள் வீட்டுக்கு ஓடினாள். ரிஸ்க் நடையில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். ஜலாபிய்யா வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. அமானி கம்ப்யூட்டர் முன்னால், கண்கள் வீங்கிப்போய், ஹெட்போனைக் கழற்றாமல் இருந்தாள்.

"பாடினாரா?"

தலையாட்டினாள்.

"எங்க, கொஞ்சம் போடு."

அமானி அப்பாவைப் பார்த்தாள். அவர் இல்லை என்று விரலை ஆட்டினார்.

"கல்யாணத்தன்னிக்கும்மா" என்றாள் மகள்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு இன்ஸாஃப் முட்டைக்கோஸ் இலையில் அரிசி பொதிந்து வேகவைத்தாள். அவருக்குப் பிடித்தது. மென்று விழுங்க நேரம் பிடித்தது. அவர் தம்ளரை இரண்டு முறை தட்டினார். அவள் டீ ஊற்றினாள்.

*

குளிர் முடிந்து, ஓடு பதித்து, கதவுக்கு வர்ணம் அடித்து, குறித்த தேதியிலேயே கல்யாணம் வந்தது.

முந்தின நாள் சீதனச் சாமான்கள் திறந்த லாரியில் ஊர்வலம் போயின. பீங்கான் அலமாரி, துணி துவைக்கிற மிஷின், அதற்கெல்லாம் மேலே பத்து மெத்தை. புருஷனும் மனைவியும் படுக்கிற வீட்டுக்குப் பத்து மெத்தையா என்று வழியெல்லாம் கேட்டார்கள். லாரியில் ஏறி நின்ற பத்ராவி, "ஒண்ணொண்ணுக்குள்ளயும் ஒரு பாட்டு இருக்கு, பாத்துக் கையாளுங்க" என்று கூலிக்காரர்களை அதட்டினார். சுவரில் மாட்டிய துணிக் காதுகளை அவர் பிரிக்கவில்லை.

கல்யாண மேடை சந்திலேயே. குறுக்கும் நெடுக்குமாக வண்ண விளக்கு. ரிஸ்க் கறுப்புக் கோட்டுப் போட்டு, கழுத்தில் வெள்ளைப் பட்டுத் துணியைச் சுற்றிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். துணிக்கு அடியில் மூச்சு போய்வருவது தெரிந்தது. மெலிந்திருந்தார். பார்க்க வந்தவர்கள் அவர் கையை இரண்டு கையாலும் பிடித்தார்கள். சொன்ன மாதிரியே யாரும் அழவில்லை. ரவ்ஹிய்யா ஒவ்வொரு வரிசையாகப் போய் முறைத்துக்கொண்டிருந்தாள்.

அமானி வெள்ளை உடையோடு மேடையிலிருந்து தலையசைத்தாள். ஸ்பீக்கரில் தஃப் கேட்டது. பிறகு அந்தக் குரல்.

இன்ஸாஃப் இரும்பு நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். இதுவா? கரகரப்பு இருந்தது. மணல் இருந்தது. அதற்கு அடியில், ஆழக் கிணற்றில் வாளி இறங்குகிற மாதிரி ஒன்று இறங்கிக்கொண்டே போனது. வாசலைத் திறங்கள், வெளிச்சம் வெளியே வருகிறது என்று மகளை அனுப்பிவைக்கிற பாட்டு, அவரே கட்டியது. சந்து கைதட்டியது. வரிகளுக்கு நடுவே பெயர்கள் வந்தன. மாப்பிள்ளையின் தகப்பனாருக்கு ஸலாம். உஸ்தா பத்ராவிக்கு ஸலாம், மூன்று தடவை. தையல்காரருக்கு, புறாக்கார ஃபத்ஹிக்கு. ஒவ்வொருவராக எழுந்து நெஞ்சில் கை வைத்தார்கள். மணப்பெண்ணின் தகப்பன் ரிஸ்க்குக்கு ஸலாம் என்று குரல் சொன்னபோது, ரிஸ்க்கும் தடுமாறி எழுந்து நெஞ்சில் கை வைத்தார். கூட்டம் ஆர்ப்பரித்தது.

தஃப் நின்றது. பாட்டு முடிந்துவிட்டது என்று எல்லோரும் நினைத்தார்கள். ஸ்பீக்கரில் ஒருவர் மூச்சு வாங்குவது கேட்டது. பிறகு, பாடாமல், அவசரமில்லாமல் அந்தக் குரல் சொன்னது:

"ஆலையில உழைச்சு இந்த வீட்டைத் தூக்கி நிறுத்தினவ. என் சத்தமில்லாத பேச்சை இருபத்தெட்டு வருஷமாக் கேட்டவ. இன்ஸாஃப். இன்ஸாஃபுக்கு ஒரு ஸலாம்."

சந்து அப்படியே உறைந்தது. டீக்கடைக்காரர் தட்டோடு நின்றார். சில ஆண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள், பார்க்கக் கூடாததைப் பார்த்துவிட்ட மாதிரி. மூன்று தெரு தாண்டிப்போன எக்கோ ஆலைச் சுவரில் மோதி அந்தப் பெயரைத் திருப்பிக் கொண்டுவந்தது. அப்போதுதான் ரவ்ஹிய்யா வாயில் கைவைத்து, சந்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை கிழிகிற மாதிரி ஒரு குலவை போட்டாள். ஜன்னல் ஜன்னலாக அது பற்றிக்கொண்டது.

பெயர் கூப்பிடப்பட்டவர் எழுந்து நிற்பதுதான் முறை. இன்ஸாஃப் எழுந்து நின்றாள். கையை நெஞ்சில் வைத்தாள். இரண்டு வரிசைக்கு அப்பால் ரிஸ்க் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். கைதட்டலிலும் குலவையிலும் காதுக்கு அங்கே வேலையில்லை, தறிக்கூடம் மாதிரிதான். அவர் உதடு அசைந்தது. மறுபடியும் அதே பெயர்.

அவளும் குரலில்லாமல், உதட்டை மட்டும் அசைத்தாள்.

"கேட்டுச்சு."